வெள்ளக் கைதட்டல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கை மட்டும் தட்டுவார்கள். கைதட்டி ஒரு பிள்ளையை என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். டிரைவரும் அப்படித்தான் நினைத்தார்.

டிரைவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். நேரம் என்றால் அவருக்கு நேரம்தான். கட்டிய மனைவியே நிறுத்தத்தை நோக்கி ஓடி வந்தாலும் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை அப்படிக் கிளம்பியும் இருக்கிறார். அதை அந்த அம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். நாக்கும் கஞ்சி போட்டதுபோல் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். இவர்களுக்கு ஒரே மகள். ஆள் சிறிசு, குணம் காரம் என்பதால் மிளகு என்று கூப்பிடப்போய், அதுவே நிலைத்துவிட்டது.

மிளகுக்கு எழுத்து பிடிபடவில்லை. கணக்கை வாயால் சொன்னால் பட்டென்று விடை வரும். பஸ்ஸைப் பார்க்காமலே சத்தத்தை வைத்து, "இதுக்கு கிளட்ச் போயிடுச்சுப்பா" என்பாள். புத்தகத்தை விரித்தால் மட்டும் எழுத்துகள் அவளைக் கண்டதும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். மற்றப் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பும்போது இவள் முதல் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர், புத்தியில் ஒரு கோளாறும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும் என்றார். டிரைவர் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

தலைமையாசிரியை அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, முழுவதும் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்க. அதை இந்த வளாகத்துல நாங்க சொல்றதில்ல."

"எந்த வார்த்தைங்க?"

"குறைபாடு. உங்களுக்காக ஒரு தடவை நானே சொல்லிட்டேன். எங்க பள்ளியில எந்தக் குழந்தைக்கும் குறை கிடையாது. அவங்களை நாங்க சுடர்க் குழந்தைகள்னு சொல்றோம்."

"சரிங்க, சுடர்னே வச்சுக்கலாம். பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் மட்டும்..."

"அங்கதான் பெத்தவங்க தப்பு பண்றீங்க. குறைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுக்கு டீச்சர் போட முடியும்? இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படிங்க ஆள் கேட்பேன்? மேலிடத்துல சிரிக்க மாட்டாங்களா?"

டிரைவர் யோசித்துப் பார்த்தார். அந்தப் பேச்சில் எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரியவில்லை. ஓட்டை இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"பின்ன என்னதாங்க செய்வீங்க?"

"ஊக்கப்படுத்துவோம்" என்றார் தலைமையாசிரியை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ஊக்கப்படுத்துவதற்கென்றே அங்கே ஓர் அறை இருந்தது. பள்ளியிலேயே பெரிய அறை. நூலகத்தை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்ட இடம் அது. அதில் ஊக்க ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருந்தார். பாடம் எதுவும் எடுப்பதில்லை. பஞ்சு மாதிரி உள்ளங்கை. அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே பேசினார்.

"கைதட்டல் மூணு வகை சார். தூறல், மழை, வெள்ளம். சுடர்க் குழந்தை படிக்கறதுக்கு வாயைத் திறந்தா தூறல். ஒரு வார்த்தை வந்துட்டா மழை. திக்கித் திணறி வரியை முடிச்சா வெள்ளம். வெள்ளத்துக்கு எல்லாரும் எழுந்து நிக்கணும்."

"திக்காம முடிச்சா?"

ஒருங்கிணைப்பாளர் கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அதுக்கு ஒண்ணும் கிடையாது. அது எல்லாக் குழந்தைங்களும் செய்யறதுதானே. சரி, நீங்க ஒரு தூறல் தட்டிக் காட்டுங்க."

டிரைவர் தட்டினார். இன்னொரு தடவை தட்டச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொன்னார்கள்.

"சத்தம் இருக்கு சார். நம்பிக்கை இல்ல. ஹார்ன் அடிக்கற மாதிரி இருக்கு. வீட்டுல தினம் தட்டிப் பழகுங்க."

அன்றைக்கே மிளகின் தலையில் ஊதா நிற ரிப்பன் ஏறியது. அது சுடர்க் குழந்தைகளுக்கு உரியது. எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டு ஊக்கப்படுத்துவதற்கு வசதி என்றார்கள். ஊரெங்கும் பள்ளி ஒட்டிய சுவரொட்டிகளிலும் அதே சேதிதான்: ஊதா ரிப்பனைக் கண்டால் ஒரு கை தட்டுங்கள்.

சாயங்காலம் வீட்டில் மனைவி கேட்டாள். "என்ன, படிச்சாளா?"

"கை தட்டுனாங்களாம்."

"அதை யார் கேட்டா? படிச்சாளா?"

டிரைவர் மகளைப் பார்த்தார். மிளகு ரிப்பனை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எழுத்தை ஒண்ணொண்ணாப் பிடிச்சு நிறுத்தி வைப்பேன்ப்பா. உடனே தட்டுவாங்க. எல்லாம் கலைஞ்சிடும். மறுபடி முதல்ல இருந்து பிடிப்பேன். மறுபடி தட்டுவாங்க."

இதை அப்படியே கொண்டுபோய் டிரைவர் பள்ளியில் சொன்னார். குறை கேட்டு ஓடி ஒளிகிற பள்ளியல்ல அது. உடனே கூட்டம் போட்டார்கள். சத்தம்தான் தொந்தரவு என்று கண்டுபிடித்தார்கள். மறுநாள் முதல் மிளகு வாயைத் திறந்தால் வகுப்பே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, சத்தமில்லாமல் ஆட்டியது.

"இப்ப எல்லாரும் டாட்டா காட்டுறாங்கப்பா" என்றாள் மிளகு. "நான் எங்கயோ போறேன்னு நினைச்சுக்கிட்டாங்க போல."

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். பள்ளி அதற்கும் அசரவில்லை. திறக்காமல் இருப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும் என்று முடிவு செய்து, மேகம் என்று நான்காவதாக, மறுபடியும் சத்தம் வருகிற ஒரு கைதட்டலைச் சேர்த்துக்கொண்டார்கள். மிளகு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பேசாமல் உட்கார்ந்திருந்ததற்காக அவளுக்கு நாள் முழுக்கக் கைதட்டினார்கள். காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். டிரைவர் பஸ்ஸை ஓட்டும்போதெல்லாம் அந்த வயிற்றுவலி அவருடைய வயிற்றில் இருந்தது.

அப்போதுதான் தண்ணிக்குழாய் டீச்சர் வந்தார். பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்த சின்ன வயதுப் பெண். ஆசிரியர் அறையில் அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. அதனால் மதிய இடைவேளையில் குடிதண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துகொள்வார். பெயர் அப்படி வந்ததுதான். கைதட்டலுக்குப் பயந்து மிளகும் அந்தப் பக்கமாக ஒதுங்குவாள். இரண்டு பேரும் அங்கே சேர்ந்துகொண்டார்கள்.

டிரைவர் ஒருநாள் வண்டியை விட்டு இறங்கி, வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். டீச்சர் விரலைத் தண்ணீரில் நனைத்து, சிமெண்டுத் திட்டின் மேல் ஓர் எழுத்தை எழுதினார். மிளகு அதன் மேலேயே விரலை ஓட்டினாள். வெயிலில் எழுத்து காய்ந்து மறைந்தது. டீச்சர் மறுபடி எழுதினார். மிளகு உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். டீச்சர் ஒன்றும் பேசவில்லை. டிரைவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க டீச்சர், ஒண்ணுமே சொல்லாம உட்கார்ந்திருக்கீங்களே?"

"அவ தேடிட்டிருக்கா சார்" என்றார் டீச்சர் திரும்பாமலே. "தேடுறவங்ககிட்ட பேச்சுக் கொடுக்கக் கூடாது."

டிரைவர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவருடைய பஸ் முதல்முறையாகத் தாமதமாகக் கிளம்பியது.

மழைக்காலம் முடிவதற்குள் மிளகு வரிவரியாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். மெதுவாகத்தான். ஆனால் நிற்காமல். ஒரு விடுமுறை நாளில் டிரைவரும் மகளும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். தூரத்தில் பஸ் வளைவில் திரும்பியபோது அவள் நெற்றியைச் சுருக்கி முகப்புப் பலகையைப் பார்த்து, "மார்க்கெட்" என்றாள். அடுத்ததைப் பார்த்து, "ஆஸ்பத்திரி" என்றாள். டிரைவர் கைதட்டவில்லை. ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதுபோல் குனிந்துகொண்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. மகள் பார்க்கக் கூடாது என்று நினைத்தார்.

இவ்வளவு நல்ல காரியம் ஒரு நிறுவனத்தின் கண்ணில் படாமல் இருக்குமா? பட்டது. ஒருங்கிணைப்பாளர் ஒரு மதியம் முழுவதும் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தார். கடைசியில் அவர் தலைமையாசிரியையிடம் சொன்னது இதுதான்: டீச்சர் ஒரு தடவைகூடக் கைதட்டவில்லை. அந்தக் குழந்தை வரியை முடித்தபோதுகூட, "சரி, அடுத்தது" என்றுதான் சொன்னார்.

டீச்சரைக் குழாயடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு ஊக்கக் கொடி பிடிக்கிற வேலை கொடுத்தார்கள். கூட்டம் எப்போது எந்தக் கைதட்டலைத் தட்ட வேண்டும் என்று மேடை ஓரத்தில் நின்று கொடி தூக்கிக் காட்டுகிற வேலை. தூறலுக்கு மஞ்சள், மழைக்கு நீலம், வெள்ளத்துக்கு ஊதா. மதிய இடைவேளையில் ஒத்திகை.

டிரைவர் மறுபடியும் தலைமையாசிரியை முன்னால் போய் உட்கார்ந்தார்.

"மதியம் குழாயடியில இருந்த அந்த அரை மணி நேரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்கம்மா. வேற ஒண்ணும் கேட்கல. இப்பதான் பிடி கிடைச்சிருக்கு. இப்ப விட்டா எல்லாம் போயிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"உங்க வருத்தம் புரியுது. நானும் ஒரு தாய்தான்." தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷம் ஊக்கச் செம்மல் விருது நமக்குன்னு பேச்சு இருக்கு. விருதை முடிவு பண்ற பார்வைக் குழு விழாவுக்கே வருது. மேடையில உங்க பொண்ணுதான் படிக்கப் போறா. விழா மட்டும் நல்லபடியா முடியட்டும். அரை மணி நேரத்தைக் கண்டிப்பா பரிசீலிக்கிறோம்."

டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நல்லாப் படிப்பாம்மா. நீங்க கவலையே பட வேண்டாம்."

"அதுதாங்க கவலை." அவர் பெருமூச்சு விட்டார். "ஒத்திகையில நிறுத்தாமப் படிச்சுட்டா. எங்க தட்டறதுன்னு யாருக்கும் தெரியல. எல்லாக் குழந்தைங்களும் கையைத் தூக்கிட்டு அப்படியே நிக்குது. ஒருங்கிணைப்பாளருக்கு ரத்த அழுத்தமே ஏறிப்போச்சு. குழுவுக்கு முன்னாடி சுடர்க் குழந்தை சாதாரணக் குழந்தை மாதிரி படிச்சா, நாங்க யாரைத்தான் ஊக்கப்படுத்தினோம்னு கேட்க மாட்டாங்களா? அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் தடுமாறச் சொல்லுங்க. அப்பா சொன்னா கேட்பா."

டிரைவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கிற பிள்ளையைப் படிக்காதேன்னு சொல்லப் போறீங்க."

"ஒரே நாள்தானே. டீச்சர் திரும்பி வருவாங்க."

"வருவாங்கன்னு சொன்னாங்களா?"

"பரிசீலிக்கிறோம்னு சொன்னாங்க."

அவள் மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள். அவள் பேசாவிட்டால்தான் டிரைவருக்குப் பயம். இருந்தாலும் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒரு விளையாட்டுடா மிளகு. மேடையில படிக்கும்போது என்னைப் பாரு. நான் சட்டைப் பொத்தானைத் தொட்டா, நீ தெரியாத மாதிரி திக்கணும்."

"ஏன்? எனக்குத்தான் தெரியுமே."

"அப்பதான் டீச்சரைத் திரும்பக் குழாயடிக்கு அனுப்புவாங்க."

மிளகு அவர் முகத்தைப் பார்த்தாள். "நிஜமா அனுப்புவாங்களா?"

"அனுப்புவாங்க" என்றார் டிரைவர்.

விழா நாள் வந்தது. பார்வைக் குழு முன்வரிசையில் மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்தது. குழுத் தலைவர் பேச எழுந்தபோதே மேடை ஓரத்தில் தண்ணிக்குழாய் டீச்சர் கொடிகளோடு நின்றார். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"நான் சென்ற ஆண்டும் இந்தப் பள்ளிக்கு வந்தேன்" என்று தலைவர் தழுதழுத்தார். "அன்று ஊதா ரிப்பன் கட்டியிருந்த அதே குழந்தைகள் இன்றும் அதே ரிப்பனோடு என்னை வரவேற்றார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. எத்தனையோ பள்ளிகளில் இந்தக் குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போய்விடுகிறார்கள். இங்கே அந்த அவலம் இல்லை. இந்தப் பள்ளி அவர்களை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறது."

நீலக் கொடி எழுந்தது. மழை பெய்தது.

மிளகு மேடைக்கு வந்தாள். ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். அவள் புத்தகத்தை விரித்து, மேடை ஓரத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தாள். டீச்சரும் அப்போதுதான் நிமிர்ந்தார். அந்தப் பார்வையில் பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். குழாயடியில் படிப்பதுபோலவே படிக்க ஆரம்பித்தாள். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியும் முடிந்தது. ஒரு சொல்கூட இடறவில்லை. மண்டபத்தில் தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன. குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். டீச்சர் எந்தக் கொடியையும் உயர்த்தவில்லை. அவர் உதடுகள் மட்டும் மகிழ்ச்சியில் அசைந்தன.

தலைமையாசிரியை திரும்பி டிரைவரைப் பார்த்தார்.

அந்த ஒரு கணத்தில் எழுந்து, என் பொண்ணு படிக்கட்டும், பேசாம இருங்க என்று சொல்லியிருக்கலாம். டிரைவருக்கு இன்றுவரை அந்த நினைப்புதான். அன்றைக்கு அவர் நினைத்ததெல்லாம் அந்த அரை மணி நேரத்தைத்தான். கை தானாக எழுந்து சட்டைப் பொத்தானைத் தொட்டது.

மிளகு பார்த்துவிட்டாள். அடுத்த சொல்லின் பாதியில் நிறுத்தினாள். முதலெழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணை மூடித் திறந்தாள். மண்டபம் உயிர் பெற்றது. டீச்சர் அசையாமல் நிற்கவே, ஒருங்கிணைப்பாளர் பாய்ந்து வந்து அவர் கையிலிருந்த ஊதாக் கொடியைப் பிடுங்கித் தூக்கினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்படி ஒரு வெள்ளம் அந்தப் பள்ளியின் சரித்திரத்திலேயே கிடையாதாம். குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த ஒருவர் டிரைவரின் முதுகில் தட்டி, "கொடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார்.

விருது வந்தது. அதைப் பெற்றுக்கொண்ட கையோடு தலைமையாசிரியை இரண்டு அறிவிப்புகள் செய்தார். விருதின் நினைவாக, கைதட்டும் இரு பெரிய சிமெண்டுக் கைகள் குழாய்த் திட்டு இருக்கும் இடத்தில் எழுப்பப்படும். அதற்காகக் குழாய்கள் நாளையே அகற்றப்படும். கொடி பிடித்த ஆசிரியை இன்னும் நம்பிக்கையோடு கொடி தூக்கக் கற்றுக்கொள்ள, வேறு ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார்.

டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடித் தலைமையாசிரியையைப் பிடித்தார். "அம்மா, அரை மணி நேரம் பரிசீலிக்கிறோம்னு..."

"பரிசீலிச்சோமே" என்றார் தலைமையாசிரியை. அவர் கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. "இன்னைக்கு நீங்களே பார்த்தீங்கல்ல. இவ்வளவு ஊக்கம் கிடைக்கற குழந்தைக்கு டீச்சர் எதுக்குங்க?"

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மிளகு டீச்சரைப் பற்றிக் கேட்பாள் என்று டிரைவர் பயந்தார். அவள் கேட்கவில்லை. மேடை அறிவிப்பு அவள் காதிலும் விழுந்திருந்தது. தூரத்தில் பஸ் திரும்பியது.

"அது எந்த பஸ்டா?"

மிளகு பலகையைப் பார்த்தாள். முதலெழுத்தைச் சொன்னாள். திரும்பவும் அதையே சொன்னாள். பஸ் அவர்களைக் கடந்து போய்விட்டது.

"விழாதான் முடிஞ்சு போச்சே, இனிமே நடிக்க வேண்டாம்."

"நீங்க கையை எடுக்கலையேப்பா."

டிரைவர் குனிந்து பார்த்தார். அவருடைய விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தன. எப்போது பிடித்தாரோ தெரியவில்லை. அந்தப் பொத்தானைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

அடுத்த பஸ் வந்தது. மிளகு உதட்டைக் கடித்தபடி பார்த்தாள். முதலெழுத்து வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"இப்ப கை இல்லைல்ல?"

"இல்ல." அவள் குரல் சிறுத்துவிட்டது. "நான் நடிக்கலப்பா. எல்லாம் கலைஞ்சு போச்சு."

பஸ் நின்றது. ஓட்டி வந்தவர் டிரைவரோடு வேலை செய்கிறவர். "என்ன, ஏறலையா?" என்றார். டிரைவர் வாசலுக்குப் போய், தணிந்த குரலில், "கொஞ்சம் நில்லுப்பா. பொண்ணு பலகையைப் படிக்கறா" என்றார். யாருக்காகவும் பஸ்ஸை நிறுத்தாத மனிதர் கேட்கிறார் என்பதால் அந்தக் கூட்டாளி மறுபேச்சுப் பேசாமல் இஞ்சினை அணைத்தார். சத்தம் அடங்கியது. டிரைவர் மகளுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மிளகு பலகைக்கு மிக அருகில் போய், முதலெழுத்தை விரலால் காற்றில் எழுதினாள். இரண்டாவதை எழுதினாள். அவள் வாய் மெல்லத் திறந்தது.

"ஏன் நிக்குது?" என்று உள்ளே யாரோ கேட்டார். இன்னொருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஊதா ரிப்பனைக் கண்டதும் அவர் முகம் கனிந்துவிட்டது. நல்ல மனிதர்தான். சுவரொட்டியைப் படித்தவர். "பாவம், சுடர்க் குழந்தை" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். பஸ் முழுவதும் சேர்ந்துகொண்டது.

மிளகு வாயை மூடிக்கொண்டாள்.

டிரைவர் அவள் தலையிலிருந்து ரிப்பனை அவிழ்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பஸ்ஸைப் போகச் சொன்னார். சத்தம் தேய்ந்து மறையும்வரை பொறுத்திருந்து, மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்.